ஆறாம் வகுப்பு எங்கே படித்தாள்?

"ஒத்த வருசந்தானண்ணே?" என்றார் அந்த அம்மா.

போடியில் சாயங்காலங்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நீட், கவுன்சலிங் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். அவர் மகளின் சான்றிதழ்களைப் புரட்டினால், ஆறாம் வகுப்புக்கு மட்டும் மலையாள முத்திரை. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்த வருடம். பிள்ளையை அங்கேயே அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். 2020-இல் ஊரடங்கு வந்ததும் போடிமெட்டு வழியாகக் கீழே வந்துவிட்டார்கள். ஏழாவதிலிருந்து இங்கேதான்.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் கணக்கில் உண்டு. மலைக்கு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி கிடையாது. சட்டம் வந்ததோ 2020 அக்டோபரில். அந்தப் பிள்ளை ஆறாவதை முடித்தபோது அப்படியொரு விதியே இல்லை. டாக்டர் கனவு போனாலும் பொறியியல் இருக்கிறதே என்று பார்த்தால், 2021-இல் அங்கேயும் இதே ஒதுக்கீடு, இதே ஆறு முதல் பன்னிரண்டு.

என் அப்பா ஏலக்காய்க் கடையில் எடை போடுபவர். லீவு நாளில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். வியாபாரிகள் காயை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார்கள், பருமன் பார்ப்பார்கள், நகத்தால் கீறி முகர்வார்கள். வண்டன்மேட்டுக் காயா, நெடுங்கண்டத்துக் காயா என்று அப்பாதான் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டவர்களுக்கு விலைதான் முக்கியம். இன்றைக்கும் கேரளத்தில் விளைந்த காய் போடிக்கு இறங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் கம்ப்யூட்டரில் விலை போகிறது. அதைப் பறித்தவரின் பிள்ளையிடம்தான் எந்த மாநிலத்தில் படித்தாய் என்று கேட்கிறோம்.

இப்படி எழுதும்போதே ஒரு உறுத்தல். விதி வேண்டாத விதி அல்ல. 2021-இல் வந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையை அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன். நீட்டுக்குப் பிறகு கிராமத்துப் பிள்ளைகளும் தமிழ்வழிப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரியில் குறைந்துபோனதை அது சொன்னது. இந்த ஒதுக்கீடு வரும்வரை அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாவது வரை தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றிச் சீட்டு வாங்கக்கூடிய பெற்றோரை எனக்கே தெரியும். அவர்களைத் தடுப்பது அந்த ஆறாம் வகுப்புதான்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம் என்று ஒருநாள் தோன்றும். அப்படியானால் திருப்பூருக்குப் போன குடும்பத்துப் பிள்ளை, அங்கே மலிவான தனியார் பள்ளியில் ஒரு வருடம் படித்தவன், அவனுக்கு என்ன பதில்? ஒரு வருடத்தை மன்னித்தால் இரண்டு வருடத்தை ஏன் மன்னிக்கக் கூடாது? எங்கே நிறுத்துவது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அந்த அம்மாவிடம் மகளைப் பொதுப் பட்டியலில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அது சரியான யோசனையா என்பதும் தெரியவில்லை.