வெண்பட்டில் அறுந்த இழை



சென்ற வாரம், எங்கள் உறவில் நடக்கவிருக்கும் ஒரு விவாகத்தை முன்னிட்டு, மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி ஒன்றைத் தறி வீட்டிலேயே பார்த்து எடுத்துவிடலாம் என்ற எண்ணத்துடன், சேலம் அம்மாபேட்டையில் நெடுநாளாக எனக்குப் பரிச்சயமான நெசவாளர் ஒருவருடைய இல்லத்துக்குப் போயிருந்தேன். மாம்பழத்தாலும் இரும்பாலும் சேலத்துக்கு வந்த கியாதி ஊரறிந்தது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டோ, அதை நெய்பவர்களுடைய கண்களை நம்பியே நிற்கிறது என்பதை அன்று நேரில் கண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது காலை ஏழரை மணி இருக்கும். பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் தறியின் அச்சுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். தந்தையோ தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. அறுந்துவிட்டது என்பதை அவருடைய விரல் அவருக்குச் சொல்லிவிட்டது. எங்கே என்பதுதான் கண்ணுக்கு அகப்படவில்லை. தலைமயிரினும் மெல்லிய வெள்ளை இழைகள் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும் பாவில், அறுந்த ஒன்றின் இரண்டு நுனிகளையும் தேடிப் பிடித்து, துண்டு நூல் சேர்த்து முடிந்து, விழுதின் கண் வழியாகவும் அச்சின் பல்லிடுக்கு வழியாகவும் அதைத் திரும்ப இழுத்து வருவதென்பது, பார்ப்பவர்க்கே மூச்சை அடக்க வைக்கும் காரியம். அந்தப் பெண் அதைச் செய்து முடித்து, "ஆச்சுப்பா" என்று சொல்லிப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "தெனமும் இதே கதைதானுங்க. முதல் மணி அடிச்சப்புறம்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேருறா" என்றார் அவளுடைய தாயார், அடுப்படியிலிருந்தபடியே.

நெசவாளருக்கு வயது நாற்பத்தேழு. பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். ஒரு காலத்தில் விளக்கு மங்கினாலும் இழை பிணைக்கத் தயங்காதவர். இப்போது ஒரு வருஷமாகவே இந்தச் சிரமம். "லைட்டு பத்தலீங்க, அதான்" என்றார். தறிக்கு மேலே புதிதாக ஒரு குழல்விளக்கு மாட்டியிருந்தார். அது போதாமல் பக்கத்தில் இன்னொரு விளக்கும் எரிந்தது. "நூலும் முன்ன மாதிரி வர்றதில்லீங்க, பிசிறு ஜாஸ்தி" என்றார். நான் கொண்டுபோயிருந்த கலியாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, கையை முழுக்க நீட்டி, தலையையும் பின்னுக்குச் சாய்த்து, முகூர்த்த நேரத்தை வாசிக்க முயன்றார். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரை மட்டும் தடங்கலில்லாமல் படித்துக் காட்டி, "தூரத்துல இருக்கிறது அத்தனையும் பளிச்சுனு தெரியுதுங்க, கண்ணுல ஒரு கோளாறும் கெடயாது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கண்ணாடி போட்டுக்கொள்வதுதானே என்று கேட்டேன். "வேண்டாமுங்க. ஒரு தடவை போட்டுப் பழகிட்டா கண்ணு அதையே கேட்கும், பவர் ஏறிக்கிட்டே போகும்" என்றார். திண்ணையிலிருந்த அவருடைய தாயார், ராத்திரியில் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் உஷ்ணம் தணிந்து எல்லாம் சரியாகிவிடும் என்று அபிப்பிராயம் சொன்னார். அந்த அம்மாளின் பரிவு பெரிது. ஆயினும் எண்ணெயோ, தாய்ப்பாலோ, பச்சிலைச் சாறோ கண்ணில் விடுவது ஒருபோதும் கூடாது. புண்ணும் சீழும் உண்டாகிக் கருவிழியே வெளுத்துப்போக அது இடங்கொடுக்கும்.

நெசவாளருக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை, இளம் வயதில், கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது குவிந்து கொடுக்கும். இளநீரின் வழுக்கை நாளடைவில் முற்றித் தேங்காயாக இறுகுவதுபோல அதுவும் வயதுடன் இறுகி, நாற்பதை ஒட்டிக் குவிய மறுத்துவிடுகிறது. ஆகையால் தூரத்துப் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியும், கையிலிருக்கும் ஊசியின் காது தெரியாது. இது ஏறத்தாழ எல்லாருக்கும் வருவது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வயதுவரை சிறுகச் சிறுகக் கூடத்தான் செய்யும். கண்ணாடி அதைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இவ்வளவையும் எடுத்துச் சொல்லி, மறுநாளே அவரை அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். அங்கே அவருடைய தகப்பனாருக்குப் பார்வை எப்படி இருந்தது என்று விசாரித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் அடியோடு தெரியாமல் போயிற்று என்றும், வயோதிகம் என்று விட்டுவிட்டார்கள் என்றும் இவர் சொல்லவே, கண்ணின் நீரழுத்தத்தை அளந்து, உள்நரம்பையும் சோதித்து, இப்போதைக்குப் பழுதில்லை, ஆனால் வருஷந்தோறும் தவறாமல் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தேடியது கண்ணழுத்த நோயை. அது பெரும்பாலும் வலியில்லாமல் வந்து, ஓரப்பார்வையை முதலில் தின்று, நரம்பைக் கெடுத்துவிடுவது. அதனால் போன பார்வையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. பெற்றோர்க்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. கடைவீதியில் விற்கும் படிப்புக் கண்ணாடி எழுத்தைக் காட்டும் என்பது மெய்யே. இந்த நோயைக் கண்டு சொல்ல அதற்கு வழியில்லை.

கண்ணாடி வந்த அன்று நான் மீண்டும் போயிருந்தேன். அதை மாட்டிக்கொண்டு அவர் முதலில் பார்த்தது புதுப் பாவை அல்ல. தறியில் சுருட்டி வைத்திருந்த, தாம் ஏற்கெனவே நெய்து முடித்த துணியை. கரையோரம் இழை தப்பிய இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பழுது இருக்கிறதென்று முதலாளி கூலியில் பிடித்தம் செய்தபோதெல்லாம், அநியாயம் என்று அவரோடு சண்டை போட்டவர் இவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் சொன்னது வாஸ்தவந்தானுங்க" என்று மட்டும் சொன்னார்.

அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடையே நடத்தப்பெற்று, 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் அதிகமாகக் கொழுந்து பறித்தார்கள் என்று கண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் அப்படியென்றால், வெள்ளையில் வெள்ளையைத் தேடும் தறியிலும், பொடி வைத்து ஊதிக் கொலுசுக்குக் கண்ணி சேர்க்கும் நம் வெள்ளிப் பட்டறைகளிலும் என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்து, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சத்திர சிகிச்சை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று சேலத்திலும் கிளை விட்டிருக்கிறது. அவர்கள் நடத்தும் முகாம்களில் கண்ணாடி தேவைப்படுவோர்க்கு அந்த இடத்திலேயே வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. சீட்டு எழுதிக் கொடுத்தால் அது மாடப்பிறையில் கிடந்து பழுக்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

மருத்துவர்கள் இவ்வளவு தூரம் இறங்கி வந்தும், நாம் அசையாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பெண் பார்க்க வரும்போது கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அந்தப் பெண்ணே பின்னர் தாயாகி, அரிசியில் கல் பொறுக்கத் தெரியாமல் பேச்சு வாங்குகிறாள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அப்பாவுக்குக் கைபேசி வாங்கித் தரும் பிள்ளைகள், அதிலுள்ள எழுத்து அவருக்குத் தெரிகிறதா என்று ஒருநாள் கேட்டிருப்பார்களா? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இரவெல்லாம் லாரி ஓட்டும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: எதிரே வரும் வண்டியின் விளக்கு முன்னைவிட அதிகமாகச் சிதறிக் கூசுகிறதென்றால், அது கண்புரையின் ஆரம்பமாகவும் இருக்கலாம், எதிர்வண்டிக்காரரை ஏசிவிட்டுப் போவதோடு அதை விட்டுவிடாதீர்கள்.

நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், பெற்றோர் பார்வையிழந்த குடும்பத்தில் பிறந்தவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். தறியிலும் பட்டறையிலும் உழைக்கும் உங்கள் தாய் தந்தையரை இந்த மாதத்துக்குள்ளாகவே அழைத்துச் செல்லுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.