தாயும் சேயும் அமானிதமே



கர்ப்பிணித் தாய் படும் சிரமத்தை அல்லாஹ் தன் திருமறையில் லுக்மான் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறான். பாலூட்டும் காலத்தில் அவளுக்கு உணவும் உடையும் அளிப்பது தகப்பனின் பொறுப்பென்று பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் விதிக்கிறான். ஆகவே தாயும் சேயும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கொள்ளைநோய் பரவும் காலத்தில் அந்த அமானிதத்தை நாம் எப்படிப் பேணுகிறோம் என்பதே கேள்வி.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா உலகைச் சூழ்ந்தது. நம் வீடுகளில் இருவகைத் தவறுகள் நிகழ்ந்தன. சிலர் நோய்க்கு அஞ்சி, கர்ப்பிணிகளை மாதாந்தரப் பரிசோதனைக்கும், குழந்தைகளைத் தடுப்பூசிக்கும் அழைத்துச் செல்லாமல் விட்டனர். வேறு சிலர், "அல்லாஹ் நாடியதே நடக்கும்" என்று கூறி, பிள்ளை பெற்ற வீட்டில் கூட்டம் கூட்டினர்.

முதல் தவறின் விளைவைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடியே 50 லட்சம் குழந்தைகள் முத்தடுப்பூசியில் ஒரு தவணையையேனும் தவறவிட்டனர். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் மடிந்தனர். ஒரு நோய்க்கு அஞ்சி மற்றொரு நோய்க்குக் கதவைத் திறந்து வைப்பது அறிவுடைமை ஆகுமா?

இரண்டாவது தவறுக்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் செயலே பதில். ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் கேள்வியுற்றுத் திரும்பினார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, தாம் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விளக்கினார்கள். தற்காப்பும் இறைவன் வகுத்த வழியே. அது தவக்குலுக்கு மாறானதன்று.

எனவே சகோதரர்களே, இத்தகைய காலம் மீண்டும் வருமானால் செய்ய வேண்டியவற்றை இன்றே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். முகக்கவசம் அணிந்து, துணைக்கு ஒருவர் மட்டும் செல்லுங்கள். கடும் தலைவலி, உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை தோன்றினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். தாய்க்குக் கொரோனா கண்டாலும் கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் கொடுக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. பாலை நிறுத்திப் புட்டிப்பாலைத் திணிக்காதீர்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமளான் நோன்பில் மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அச்சலுகையைப் பறிக்காதீர்கள்.

ஏழாம் நாள் அகீகாவைக் கொடுங்கள். ஆனால் அதற்கு ஊரைக் கூட்டி விருந்து வைப்பது நிபந்தனையன்று. இறைச்சியை வீடு வீடாக அனுப்பி வையுங்கள். பிள்ளை பார்க்க வருவோர் சில வாரம் பொறுக்கட்டும். பச்சிளங் குழந்தையை முத்தமிடுவதையும் ஒத்திப்போடட்டும். மாமியார்மார்களே, இதை மருமகளின் வாயால் சொல்ல வைக்காதீர்கள்; வீட்டின் பெரியவர்களாகிய நீங்களே சொல்லுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நீளமாகத் தொழ நாடி நிற்பார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். தாய்க்காகத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத்தாகிய நாம், விருந்தைச் சுருக்கத் தயங்கலாமா?

வல்ல ரஹ்மான் நம் தாய்மார்களுக்கும் மழலைகளுக்கும் ஆஃபியத்தை அளிப்பானாக! இந்த அமானிதத்தைப் பேணும் நற்பாக்கியத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.