கவாத்துக் காலம்

ஆனி பிறந்துவிட்டால் கேரளத்துத் தேயிலை மலையான போனக்காட்டில் குடையை மடக்கும் வேலை இல்லை. விதுராவைத் தாண்டி மலையேறும் மேகம் அகத்தியர்கூடத்தில் முட்டி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. லயத்துச் சுவரெல்லாம் பாசி. கால்விரல் இடுக்கில் அட்டை. இந்த மாதங்களில் மாண்டிவில்லா என்ற பூக்கொடியைப் பராமரிப்பதென்றால் அதன் வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

செடியின் சொந்த ஊர் பிரேசில். நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளின் மூதாதை ரியோ டி ஜெனிரோ மாநிலத்துக் கொடி. அங்கே பெருமழை மார்கழி முதல் மாசி வரை. ஆனியும் ஆடியும் அந்த ஊருக்குக் குளிர்ந்து உலர்ந்த மாதங்கள். இங்கே எல்லாம் தலைகீழ். செடி ஓய்ந்திருக்க நினைக்கும் நேரத்தில்தான் வானம் பொத்துக்கொள்கிறது. இந்தக் கொடிகளுக்கு வேர் கிழங்காகத் தடிக்கும். வறட்சியைத் தாங்க மண்ணுக்குள் அவை வைத்திருக்கும் சேமிப்பு அது. அந்தக் கிழங்குதான் மழையில் முதலில் அழுகுகிறது.

தொட்டியைத் தாழ்வாரத்தின் உள்பக்கம் நகர்த்திவிட்டேன். தாழ்வாரம் என்றால் போதாது. கூரைத் தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டும் கோட்டுக்கு நன்றாக உள்ளே. அந்தச் சொட்டு மழையைவிட மோசம், ஒரே இடத்தில் விழுந்து மண்ணை இறுக்கிவிடும். கலவையில் தோட்டமண் கொஞ்சம், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணம், கை தாராளமாகப் பருமணல். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் துண்டு, துளை மூச்சுவிட.

அடியிலை மஞ்சளாகும்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பாவம், தண்ணீர் ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். தண்ணீர் மிஞ்சினாலும் இலை வாடத்தான் செய்யும், அழுகிய வேரால் உறிஞ்ச முடியாதே. இந்த ஊரில் நீர் மறுக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மழைக்காலம் முழுதாகத் தேவைப்படும்.

*

வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலை. மொட்டு ஒன்று பாதி அவிழ்ந்து நின்றது. ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் முறுக்கிச் சுருண்டிருக்கின்றன, மடக்கிய குடையின் துணி போல. விரிந்த பிறகும் அந்த முறுக்கு போவதில்லை. ஒவ்வொரு இதழும் ஒருபக்கம் அகன்று ஒருபக்கம் ஒடுங்கித்தான் இருக்கிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் கோணல், ஐந்தும் சேர்ந்தால் வட்டம். குழலின் தொண்டைக்குள் மஞ்சள். அதற்கும் உள்ளே மகரந்தப் பைகள் ஐந்தும் தலை சேர்த்துக் கூம்பாகி, சூல்முடியை மூடிக் காவல் நிற்கின்றன. நீண்ட நாக்குள்ள தேனீயோ அந்திப்பூச்சியோ அந்தச் சந்தில் நாக்கை நுழைத்து இழுத்தால்தான் மகரந்தம் இடம் மாறும்.

அரளியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் இதே குடும்பம். மொட்டின் முறுக்கைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். காம்பைக் கிள்ளினால் வடியும் பாலைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. ஆடு கடிக்கும் உயரத்தில் கொடியை விடக் கூடாது.

*

பெயர் ஒரு தூதரிடமிருந்து வந்தது. ஹென்றி ஜான் மாண்டெவில், பியூனஸ் அயர்ஸில் இருந்த பிரிட்டிஷ் தூதர். தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1840-ல் இந்தப் பேரினத்துக்கு அவர் பெயரை வைத்தார். இதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. தூதர்களுக்குச் செடி கிடைப்பது ராஜரீக வழக்கம்.

என்னைப் பிடித்துவைத்தவர் வேறொருவர்: ஜார்ஜ் கார்ட்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1836-ல் பிரேசிலில் இறங்கி, மாண்டிவில்லாக்கள் விளையும் ஆர்கன் மலைத்தொடரில் ஏறியவர். அதே மலையிலிருந்துதான் செடி சேகரிப்பாளர் வில்லியம் லாப் பெரிய இளஞ்சிவப்புப் பூக்கொடியை இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்கு அனுப்பினார். கண்ணாடிக் குடில்களில் அந்த இளஞ்சிவப்புக் கொடியின் வாழ்வு அப்படித்தான் தொடங்கியது. கார்ட்னரோ 1844-ல் இலங்கைக்கு வந்து பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு நீலகிரிக்கு வந்து, கோயம்புத்தூரில் இருந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டோடு செடி தேடினார். 1849-ல் நுவரெலியாவில் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த வைட்தான் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்கொடி ஒன்றுக்குப் போமாண்டியா ஜெர்டோனியானா என்று பெயர் வைத்தவர். வெள்ளை வெளேரென்று கை அகலப் பூ. அதுவும் அரளிக் குடும்பம், மாண்டிவில்லாவுக்குப் பங்காளி முறை. இரண்டு மலைகளையும் பார்த்த கார்ட்னருக்கு ஒன்றின் மொட்டைப் பார்த்ததும் மற்றது நினைவுக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் கிடையாது, ஆசைதான்.

கார்ட்னர் பெயரைத் தாங்கிய இலங்கைக் கொடி ஒன்றை, இதுவும் அதே குடும்பம்தான், டார்வின் வீட்டில் வளர்த்து நாள்பூராவும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பற்ற எதுவும் இல்லாத நுனி வெறும் காற்றில் வட்டம் போட்டுத் தேடுகிறது. ஒரு சுற்றுக்கு ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் மணி நேரம். 1865-ல் வந்த டார்வினுடைய கொடிகள் ஆய்வில் இது இருக்கிறது. என் தொட்டியின் நுனியும் அப்படித்தான் அலைகிறது. காலையில் சன்னல் பக்கம், மதியம் துணிக்கொடிப் பக்கம். மெல்லிய கம்பி வேண்டும் அதற்கு. பருத்த தூணைச் சுற்றத் தெரியாது.

*

பக்கத்து லயத்து அக்கா வாழ்நாளில் பாதியைக் கொழுந்து கிள்ளிக் கழித்தவர். அவர் வீட்டுக்காரர் கவாத்து ஆள். தேயிலை ஆலை நின்று, கத்தி துருவேறி, இப்போது அது அவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிக் கிடக்கிறது.

என் கொடி ஐந்தாறு முழம் ஏறி, நுனியில் மட்டும் இரண்டு பூ வைத்து, அடியெல்லாம் மொட்டைத் தண்டாக நின்றபோது அக்கா வந்து பார்த்தார்.

“இத யாரும் கவாத்து பண்ணலியா?”

“பூ இருக்கேக்கா, எப்படி வெட்ட?”

“கை நடுங்குறவன் கத்தி எடுக்கக் கூடாது தம்பி. மழ விடட்டும், நான் வாறேன்.”

மழை விடட்டும் என்றதில்தான் தொழில் இருந்தது. ஈரத்தில் வெட்டிய வாய் அழுகும். துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்து, மார்கழிக் காற்று உலர்ந்து வீசத் தொடங்கிய பிறகு அந்தக் கத்தியோடு வந்தார். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வடிந்த பாலின் மேல் அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைத்தார். மாண்டிவில்லா பூப்பது புதுத் தளிரில். வெட்டிய ஒவ்வொரு தண்டும் பக்கத்துக் கணுக்களில் தளிர்விட்டால் பூவும் அத்தனை மடங்கு.

அவர் போன பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தேயிலையையும் இதே கத்தியால்தான் வெட்டினார்கள், ஆனால் அது பூக்கக் கூடாது என்பதற்காக. இடுப்பளவுக்கு மேல் உயராமல், பூவையும் காயையும் நினைக்க நேரமில்லாமல், ஓயாமல் கொழுந்து விட்டுக்கொண்டே இருக்க. கத்தி நின்ற சரிவுகளில் தேயிலை இப்போது ஆள் உயரம் தாண்டி மரமாகி நிற்கிறது. வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாகப் பூக்கிறது, யாரும் பறிப்பதில்லை. அது விடுதலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கொழுந்தில்தான் இங்கே அடுப்பு எரிந்தது.

*

மாசி. மலை காய்ந்ததும் இலையின் அடியில் செம்பேன். மாவுப்பூச்சி கணுவின் இடுக்கில் வெள்ளையாக ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெயும் சவர்க்காரக் கரைசலும், வெயில் தாழ்ந்த பிறகு. இப்போதுதான் தண்ணீர் நன்றாகக் கேட்கிறது, மண் மேலே உலர்ந்த பிறகு வயிறு நிறைய ஊற்றலாம். யூரியா கொடுத்தால் இலைதான் மண்டும். பூவுக்குச் சாம்பல்சத்து வேண்டும். ஊட்டியின் உறைபனியை இது தாங்காது, இங்கே அந்தப் பயமில்லை. பகலின் நீளமும் வருஷம் முழுக்கச் சுமார் ஒரு மணி நேரம்தான் ஏறி இறங்குகிறது. வெயில் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் பூப்பது நிற்காது.

காய் மட்டும் பிடித்ததே இல்லை. பிடித்திருந்தால் ஒல்லியான இரட்டைக் காய் வெடித்து, எருக்கைப் போலப் பஞ்சு வைத்த விதை பறக்கும். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் ஒரே தாயின் பதியன்கள், அதன் நாக்குக்கேற்ற பூச்சியும் இங்கே இல்லை. காட்டுயிர்ச் சரணாலயத்தின் ஓரத்தில் குடியிருக்கிறவனுக்கு இது வருத்தப்படும் விஷயமல்ல. கீழே ஓடைக்கரையில் திருதராஷ்டிரப் பச்சை மரங்களை மூடிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்துக் கொடிதான், பறக்கும் விதையும் கணுவுக்குக் கணு வேரும் உள்ளது.

அதனால் கவாத்துத் துண்டுகளை ஓடைப் பக்கம் எறிவதில்லை. நல்லதாக நாலு குச்சியை அக்கா பால் கழுவி மணலில் ஊன்ற எடுத்துக்கொண்டார். மற்றவை ஆலையின் பழைய சிமெண்டுத் தரையில் காய்கின்றன. சருகானதும் குழிக்குள் போகும்.