மணிக்கு ஆறு நிமிடம்

மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் ஒரு குழியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதன் சில செல்களின் மேல் ஓர் ஏற்பி; செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒற்றைப் புரதச் சங்கிலி. சில நாட்களாக மனம் அங்கேயே போய் நிற்கிறது.

மேலே மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் இறங்கி வருகிறது. பத்தே அமினோ அமிலங்கள். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் ஆயுள். அது ஏற்பியைத் தொட்டதும் செல்லுக்குள் கால்சியம் பொங்குகிறது. சேர்த்து வைத்த எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரு ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து, பெண்ணுக்குச் சினைப்பையையும் ஆணுக்கு விந்தகத்தையும் எழுப்புகின்றன.

*

1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வை மறுபடி படித்தேன். பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் க்னோபில் குழுவினர், ரீசஸ் குரங்குகளில் இந்த ஹார்மோன் ஊறும் இடத்தை அழித்துவிட்டு, வெளியிலிருந்து அதைச் செலுத்திப் பார்த்தார்கள். இடைவிடாமல் செலுத்தினால் எல்ஹெச் மீளவில்லை. மணிக்கு ஒருமுறை, ஆறே நிமிடம் கொடுத்தபோது மீண்டது.

ஆறு நிமிடம் வார்த்தை, ஐம்பத்து நான்கு நிமிடம் மௌனம். அந்தக் குரங்குகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

*

ஓயாமல் தொட்டால் ஏற்பி அசந்துபோகிறது. செல்லின் மேற்பரப்பில் அதன் எண்ணிக்கை குறைகிறது. உள்ளே செய்தி போகும் வழியும் மந்தமாகிறது. தாளம் நெருங்கினால் எல்ஹெச் ஓங்கும், தளர்ந்தால் எஃப்எஸ்ஹெச். ஒரே ஏற்பி, ஒரே ஹார்மோன். எதை எவ்வளவு அனுப்புவது என்பதைச் செல் கால இடைவெளியை வைத்தே அறிகிறது. இதைவிட நுட்பமான செவியை உடலில் நான் அறிந்ததில்லை.

*

எட்டு வயது நிறையும் முன்பே வயதுக்கு வரத் தொடங்கும் சிறுமிகள் உண்டு. அவர்களில் ஹைபோதலாமஸ் முந்திக்கொண்டவர்களுக்கு லூப்ரோலைடு ஊசி போடுகிறார்கள். அதுவும் ஜிஎன்ஆர்ஹெச்சின் சாயல்தான். ஆனால் விட்டு விட்டு வருவதில்லை, விடாமல் ஏற்பியைப் பற்றிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் ஹார்மோன் சற்று ஏறி, பிறகு அடங்கிவிடும். ஊசியை நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பயந்துபோன தாய்மார்களுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

*

ஹைபோதலாமஸ் பேசாமல் இருந்துவிடும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு உடலோடு பொருத்திய சிறு பம்ப், சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தப் பத்து அமினோ அமிலங்களைச் செலுத்துகிறது. அப்படிக் கருவுற்றுப் பிறந்த முதல் பிள்ளைகள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள்.