நிறைந்தும் குறைந்தும்

சிங்கப்பூர், தெம்பனிஸ். அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளம். பகல் வெயில் சிமெண்டுத் தரையை விட்டு இன்னும் இறங்கவில்லை. வேனின் பின்கதவு திறந்திருக்கிறது.

இருக்கைக்குக் கீழே கொஞ்சம் இடம். ஒரு பேட்டரி அளவு.

நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். எஞ்சின் அடங்குகிறது. காற்று கனக்கிறது. ஒரு விசிறி, ஒரு விளக்கு. இரண்டாவது பேட்டரி இவற்றுக்குத்தான்.

ஈயம். 100 ஆம்பியர்-மணி, 30 கிலோவை ஒட்டி. தூக்கும்போது மூச்சு தானாக நிற்கிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதே 100. சுமார் 12 கிலோ. மூச்சு போய்வருகிறது.

1859. பிரான்சில் காஸ்தோன் பிளான்தே ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைக்கிறார். கடையில் இருப்பது இன்னும் அந்த ஈயம், அந்த அமிலம்.

லித்தியத்துக்கான நோபெல் பரிசு 2019இல். மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. இரும்பு பாஸ்பேட் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது.

மேலே ஒரு விமானம், சாங்கி நோக்கி. ஒலி தேய்கிறது.

ஈயத்தில் பாதிதான் எடுக்கலாம். மீதிப் பாதி தொடப்படாமல் கிடக்க வேண்டும். அங்கேயே இருக்கும், எதற்கும் உதவாமல், சுமையாக.

தளரும்போது ஈயம் காட்டிக்கொடுக்கிறது. 12.7 வோல்ட். 12.4. 12.2. விளக்கு மங்குகிறது. விசிறியின் சத்தம் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டும் அறியலாம்.

லித்தியம் எதுவும் சொல்வதில்லை. 13.2ஐ ஒட்டியே கிடக்கிறது, நெடுநேரம். பிறகு உள்ளே இருக்கும் காவல் சுற்று வெட்டிவிடுகிறது. இருட்டு.

மெல்ல மங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. கடைக்காரரிடம் இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பாதியில் விட்டால் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிகிறது. நாளாக நாளாக இறுகுகிறது. அடிக்கடி முழுதாக நிரப்ப வேண்டும். கடைசிக் கொஞ்சம் நிரம்பத்தான் பல மணி நேரம்.

லித்தியத்துக்கு அந்த அவசரம் இல்லை. பாதியில் நிற்கும். நாட்கணக்காகத் ததும்பி நிற்பதுதான் அதற்கு ஆகாது.

10 டிகிரி கூடினால் ஈயத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆயுளைக் கணக்கிடுவது 25 டிகிரியில், அல்லது அதற்கும் கீழே. இங்கே பிற்பகல் 31, 32. மூடிய வேனுக்குள் இன்னும் மேலே. தை, ஆடி என்ற வேறுபாடும் இல்லை. லித்தியமும் வெயிலில் மூப்படைகிறது, கொஞ்சம் தாமதமாக.

உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. தெம்பனிஸில் இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மின்தூக்கியில் ஒருவர் பெட்டியைப் பார்க்கிறார். லித்தியமா? ஆமாம். அவர் சற்று நகர்ந்து நிற்கிறார்.

மின்ஸ்கூட்டர் தீ எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 2020 ஜூலையிலிருந்து யுஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புத் தரம் இல்லாத ஸ்கூட்டருக்குப் பொதுப் பாதையில் இடமில்லை. ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் நிக்கல் கலந்த லித்தியம். இரும்பு பாஸ்பேட் கட்டுமீறிச் சூடாக, அதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். எரியவே எரியாது என்றில்லை. ஈயமும் அளவுமீறிச் சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் விடும்.

தளம் 9. கதவு திறக்கிறது. அவர் போகிறார்.

வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்கு. இந்த வேனுக்கு அதில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. லித்தியம் 10 ஆண்டு உழைக்கக் கூடும். வண்டி போன பிறகும் பேட்டரி இருக்கும். எங்கே வைப்பது?

எண்ணம் வருகிறது. போகிறது.

ஜொகூர் போகும் சிங்கப்பூர் வண்டியில் பெட்ரோல் முக்கால் டாங்கியாவது இருக்க வேண்டும். சோதனைச்சாவடியில் அந்த முள்ளைப் பார்ப்பார்கள். இந்தப் பேட்டரி காலியாகவே போகலாம்.

விலைச்சீட்டு இரண்டு, முழங்கால் மேல். லித்தியத்தின் தொகை பெரிது. ஆல்டர்னேட்டரோடு அதை நேராக இணைத்தால் மின்சாரத்தை அளவின்றி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுடவைக்கும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அதன் விலை இந்தச் சீட்டில் சேரவில்லை.