புகழும் புனைவும்

ஒரு சொல்லின் வரலாறு அதனை வழங்கிய சமுதாயத்தின் வரலாறாகவும் அமைவதுண்டு. விளையாட்டு வீரரையும் நடிகரையும் பாராட்டுவோர் இன்று தமிழிலும் எடுத்தாளும் 'லெஜெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு நல்ல சான்று.

'வாசிக்கப்பட வேண்டியவை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். இடைக்கால ஐரோப்பாவில் அது புனிதர்களின் வரலாறுகளைக் குறித்தது. அவ்வரலாறுகளில் அற்புதங்கள் மலிந்திருந்தன. சமயச் சீர்திருத்தத்தோடு அவை ஐயுறப்படவே, வாசிக்கத் தக்கதைக் குறித்த சொல் நம்பத் தகாத கதையையும் குறிக்கலாயிற்று. 20ஆம் நூற்றாண்டிலோ, வாழுங்காலத்திலேயே கதையாகிவிட்ட புகழாளருக்கும் அது பெயராயிற்று.

புகழும் கதையும் ஒரே சொல்லில் குடியிருப்பது வியப்பன்று. இரண்டும் பிறர் வாயிற் பிறப்பவை. தமிழிலும் 'இசை' ஒலியையும் புகழையும் ஒருங்கே குறிக்கும். செவிவழி வந்த கதையைக் 'கர்ணபரம்பரை' என்கிறோம். அவ்வாறாயின், யாருடைய வாய் பேசுகிறது, யாரைப் பற்றிப் பேசுகிறது என்னும் வினா எழுதல் இயல்பே.

இலங்கைத் தேயிலையின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார் என்று நூல்கள் கூறும். 'பயிரிட்டார்' என்னும் வினைமுற்றைச் சற்று நோக்குவோம். 'ஆர்' பலர்பால் விகுதி. பலருக்குரிய அவ்விகுதியை மரியாதை கருதி ஒருவருக்கு வழங்குகிறோம். காடு வெட்டியவர், குழி தோண்டியவர், கன்று நாட்டியவர், கொழுந்து பறித்தவர் ஆகிய பலரும் அந்த மரியாதைக்குள் மறைந்துபோயினர்.

டெய்லரின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. அவர் தோட்ட முதலாளியல்லர். சம்பளத்துக்குப் பணிபுரிந்த துரை. அத்தோட்டத்திலேயே 1892இல் உயிர்நீத்தவர். அவரைப் பற்றிய செய்தி பொய்யன்று. ஆனால், மெய்யான செய்தியும் பிறர் கைகளை நீக்கிச் சொல்லப்படும்போது புனைவாகிவிடுகிறது.

இது வெறுஞ்சொல் வழக்குப் பற்றிய ஆராய்ச்சியன்று. கதையில் இடம்பெறாதவருக்கு நாட்டிலும் இடமில்லை என்று கூறுதல் எளிது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மலையகத்தை வளமாக்கிய தொழிலாளரின் சந்ததியாரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேயே.

அப்படியானால் தொழிலாளரையும் காவிய நாயகராக்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் புனைவே. வியந்து நிற்பவன் வினவுவதில்லை. எவ்வளவு கூலி, எத்தனை மணி நேர உழைப்பு, எத்தகைய லயம் என்று அவன் கேட்கமாட்டான். உழைத்தவருக்குத் தேவை துதியன்று, வரலாறு.

'கட்டினான்', 'வென்றான்', 'கண்டுபிடித்தான்' என்று மாணவர் எழுதும்போதெல்லாம், அவனோடு இருந்தவர் யாவர் எனக் கேட்கும் பழக்கத்தை ஆசிரியராகிய நாம் வளர்த்தல் வேண்டும். இலக்கணப் பாடத்திலேயே அதனைத் தொடங்கலாம்.