ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க

1970-களில் கண்ணாடியிழையில் வார்த்த சிறு பாய்மரப் படகுகளின் அறைக்குள் குனிந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது சாப்பாட்டு மேசைதான். இருபுறமும் எதிரெதிராக இருக்கைகள், நடுவே ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பலகை. சாப்பாடு அங்கேதான், கடல் வரைபடத்தை விரிப்பதும் அங்கேதான், மழைக்கு ஒதுங்கிப் பேசிக்கொண்டிருப்பதும் அங்கேதான். இரவானதும் மேசைக் காலைக் கழற்றிவிடுவார்கள். பலகையை இறக்கி, இருக்கைகளின் ஓரத்தில் அதற்கென்றே அடித்திருக்கும் சட்டங்களின் மேல் பொருத்துவார்கள். முதுகுக்குச் சாய்வாக இருந்த மெத்தைகளை எடுத்து அதன்மேல் போட்டால் இருவர் படுக்கும் கட்டில் தயார். கழற்றிய காலுக்கும் ஓரிடம் உண்டு. படகு ஆடும்போது உருளாதபடி அதை இருக்கைக்கு அடியில் செருகி வாரால் கட்டிவிட வேண்டும்.

ஒருவருக்குக் கண் சொக்குகிறது, இன்னொருவர் இன்னும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் என்ன செய்வது? மேசையும் கட்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. டம்ளரை யார் எடுப்பது, வரைபடத்தை யார் சுருட்டுவது, யார் எழுந்து வழிவிடுவது என்பதெல்லாம் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர வேண்டும்.

இன்னொன்றையும் கடலோடிகள் சொல்வார்கள். இந்த அகலக் கட்டில் துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும்போதுதான் சுகம். நடுக்கடலில் படகு சாயும்போது அதில் படுத்தவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டே இருப்பார். அப்போது வேண்டியது இரண்டடி அகலமுள்ள ஒடுங்கிய படுக்கை. அதன் திறந்த பக்கத்தில் கெட்டித் துணியொன்றை மேலே இழுத்துக் கட்டிவிட்டால், ஒரு பக்கம் படகின் சுவரும் மறுபக்கம் துணியும் அணைக்க, உடம்பு அசையாமல் தூங்கலாம்.

ஒரே இடம் நேரத்துக்கொரு வேலை பார்ப்பது படகு ஏறாதவர்களுக்கும் புதிதல்ல. ரயிலில் மிடில் பெர்த் பகலில் முதுகுசாயும் பலகை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை படுக்கை. ஆர்.ஏ.சி. சீட்டு கிடைத்தவர்களுக்கோ பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் பாதிப் பாதி: ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்கார்ந்து வர வேண்டும்.

ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்ற இந்தக் கணக்கைத் தென்பெண்ணைக் கரையில் எப்போதோ போட்டுவிட்டார்கள். அதில் மூன்றாவது படியும் உண்டு. நாலாவதாக ஒருவரும் உண்டு.

நந்தி மலைப் பக்கம் பிறந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி, மூங்கில்துறைப்பட்டை ஒட்டி ஓடும் தென்பெண்ணை, கிழக்கே திருக்கோவிலூரை அடைகிறது. ஆழ்வார்களில் முதல் மூவர் சந்தித்துக்கொண்டது இந்தத் திருக்கோவிலூரில்தான் என்கிறது வைணவ மரபு. பொய்கையாழ்வார் காஞ்சிபுரத்துக்காரர். பூதத்தாழ்வார் கடல்மல்லை, அதாவது மாமல்லபுரம். பேயாழ்வார் மயிலாப்பூர். பின்னிரண்டும் கடலைப் பார்த்த ஊர்கள். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

இருட்டும் மழையுமான ஓர் இரவு. மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில், வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு நடையில், பொய்கையார் வந்து படுக்கிறார். கதவு தட்டும் சத்தம். பூதத்தார் நிற்கிறார். ஒருவர் படுக்கலாம் என்றால் இருவர் உட்காரலாமே என்று எழுந்து உட்கார்ந்து இடம் தருகிறார் பொய்கையார். மறுபடி கதவு தட்டப்படுகிறது. இப்போது பேயார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றுகொள்கிறார்கள். பிறகு நாலாவதாக யாரோ உள்ளே வந்து நெருக்குவதை உணர்கிறார்கள். யார் என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். பொய்கையார் உலகையே அகலாக்கி விளக்கேற்றுகிறார், பூதத்தார் அன்பையே அகலாக்கி ஏற்றுகிறார், பேயார் கண்டுகொள்கிறார். நெருக்கியது திருமால். மூவரும் பாடிய மூன்று திருவந்தாதிகளும், ஒவ்வொன்றும் நூறு பாசுரமாக, அந்த இரவில் பிறந்தவை என்பது நம்பிக்கை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விளக்கிடம் ஓடிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நொடியில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். நனைந்து வந்து, உடம்பைக் கிடத்தி, தூக்கம் பிடிக்கும் நேரத்தில் கதவு தட்டுகிறது. இடம் இல்லை என்று சொன்னால் அது பொய்யும் அல்ல; படுத்திருப்பவரின் அளவில் அங்கே உண்மையிலேயே இடம் இல்லை. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இடம் உண்டாகிறது. அப்படியானால் இடம் என்பது சுவருக்குச் சுவர் அளந்து சொல்லக்கூடியதா, அல்லது உள்ளே இருப்பவர் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்ததா? பொய்கையாருக்கு அந்தத் தீர்மானம் ஓர் இரவில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவர் தன் சுகத்தைத்தான் குறைத்துக்கொண்டார். தெய்வம் வந்தது அதற்குப் பிறகுதான்.

வந்தது யார் என்பதிலும் அதே கேள்வி மறுபக்கமாக நிற்கிறது. திருக்கோவிலூர்க் கோயிலில் இருப்பவர் உலகளந்த பெருமாள். ஒரு காலைத் தூக்கி விண்ணை அளக்கும் நெடிய திருமேனி. மூன்றடி வைக்க மூவுலகும் போதாதவர், நிற்க மட்டுமே இடமுள்ள நடையில் நாலாவது ஆளாக நுழைந்திருக்கிறார். தேகளீசன், இடைகழிக்கு உரியவன், என்ற பெயரே அவருக்கு அங்கே நிலைத்துவிட்டது.

13-ம் நூற்றாண்டில் பிறந்த வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாள் மேல் தேகளீச ஸ்துதி என்ற சமஸ்கிருதத் துதியைப் பாடியிருக்கிறார். அதில் ஒரு சுலோகத்தில் அவர் பெருமாளைப் பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாகப் பார்க்கிறார். பொய்கை முதலான கவிகளின் நெருக்கத்தில் அந்தக் கரும்பு பிழியப்பட்டது, சாறு பெருகியது என்கிறார். கவனிக்க வேண்டியது யார் பிழிந்தது, யார் பிழியப்பட்டது என்பதை. கடவுள் நெருக்கி மனிதர்கள் கசங்கவில்லை. மூன்று மனிதர்களுக்கு இடையில் கடவுள் கசங்கினார்.

மூங்கில்துறைப்பட்டுக்காரர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் ஒன்று அந்த ஊரில்தான் இருக்கிறது, அதே ஆற்றங்கரை மண்ணில் விளைந்த கரும்பை அரைக்கிறது. சர்க்கரை ஆலையின் அரவை எந்திரத்தில் ஒரு கட்டுக்கு மூன்று உருளைகள் இருக்கும், மேலே ஒன்று, கீழே இரண்டு. நறுக்கிச் சிதைத்த கரும்பு மூன்றுக்கும் இடையில் புகுந்து சக்கையாக வெளியே வருகிறது. உருளைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் சாறு சக்கையோடு போய்விடும். தேசிகர் எந்த ஆலையைப் பார்த்துப் பாடினாரோ, மூவர் நின்றால்தான் ரசம் என்ற கணக்கு அவருடைய உவமைக்குள்ளேயே இருக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நெருக்கத்தையெல்லாம் புண்ணியமாக்கிவிடுவோம். அது பெரும் அநியாயம். 2020-ல் கொரோனா பரவியபோது சிங்கப்பூரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் இருந்தார்கள். தமிழர்களும் அவர்களில் ஏராளம். ஓர் அறையில் 12 பேர், 16 பேர், 20 பேர் என்று அடுக்குக் கட்டில்கள். அந்த ஆண்டு அங்கே நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த விடுதிவாசிகள்தான். பிறகுதான் புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. இடைகழியில் எழுந்து நின்றவர் தாமாக நின்றார். விடுதியில் கட்டிலை எண்ணி அடுக்கியவர் அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர் அல்ல. நெருக்கம் அருளா கொடுமையா என்பதை அடிக்கணக்கு சொல்லாது. இடத்தை விட்டுக்கொடுத்தது யார், விடச் சொன்னது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

தனியாக இருப்பவருக்கு விட்டுக்கொடுக்க யாரும் இல்லை. ஆனாலும் இடம் என்பது எது என்ற கேள்வி அவரையும் விடுவதில்லை. 2018-ல் நடந்த கோல்டன் குளோப் பந்தயத்தில் பழைய பாணிப் படகுகளுக்கு மட்டுமே அனுமதி, ஆளுக்கொரு படகு. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’, 1968-69-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியே உலகைச் சுற்றிய 32 அடிப் படகின் மறுபதிப்பாகக் கோவாவில் கட்டப்பட்டது. செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி. மூன்று நாள் அவர் படுக்கையில் அசைய முடியாமல் கிடந்தார். படகு முழுவதும் அவருடையது. அதில் ஓர் அடிகூட அவரால் நகர முடியவில்லை. அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கினுக்கும் பாய்மரம் போயிருந்தது. அவர் மிச்சமிருந்ததைக் கட்டி ஒப்பேற்றிய பாயோடு அபிலாஷை நோக்கித் திரும்பினார். பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ முந்திக்கொண்டு இருவரையும் மீட்டது.

திருக்கோவிலூர்க் கதைக்குள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மூவரும் தாயின் வயிற்றில் பிறக்காமல் மலரில் அவதரித்தவர்கள் என்கிறது மரபு. அதனால் கதவைத் தட்டியவரிடம் நீ யார், எந்தக் குலம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. எழாதது அந்தக் கதையின் பெருமை. ஆனால் அந்தப் பெருமையை ஆண்டுதோறும் கேட்ட இதே தமிழ்நாட்டில், பெரிய கோயில்களின் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு பகுதி மக்களைத் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஆயிரம் பேர் நிற்கும் மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் அவர்களில் சிலரை அழைத்துச் சென்றார். 1947-ல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது.